தவசிமுத்து உட்கார்ந்த இடம்

உவர்க்குடியில் தவசிமுத்து உட்கார்ந்த இடத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதை முதலில் கண்டுபிடித்தது ஓர் ஆடு. காலையில் தன் மைக்செட் கொட்டகைக்குப் பின்னால் உடைமரத்தடியில் போய் உட்கார்ந்தவன் வெயில் ஏறியும் எழாமல், சோற்றுக்கும் எழாமல், யார் கூப்பிட்டதற்கும் திரும்பாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் அவனைச் சுற்றி மண் கறுத்து, கறுத்த மண் குழைந்து, குழைந்த மண்ணிலிருந்து கண்ணாடி மாதிரித் தண்ணீர் கசிந்து அவன் பாதங்களை மூடியபோது, கிரேஸ்மேரியின் வெள்ளாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து அவன் காலடியில் வாய்வைத்துக் குடித்தது. குடித்த பிறகும் அந்த இடத்தை விட்டு அது போகவில்லை. அந்த ஊரில் பிறந்த ஆடு அதுவரை அப்படியொரு தண்ணீரைக் குடித்ததில்லை.

ஆட்டைத் தேடி வந்த கிரேஸ்மேரி ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்துவந்து, தவசிமுத்துவின் பாதத்துக்குப் பக்கத்தில் குழி பறித்துச் சிரட்டையால் கோரி நிரப்பிக்கொண்டு, முந்தானையால் குடத்தை மூடி எடுத்துப் போனாள். மறுபடி வந்து கோரினாள். அடுத்த தடவை வந்தபோது தெருவே அவள் பின்னால் வந்தது.

உவர்க்குடி கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற ஊர். எங்கே தோண்டினாலும் எவ்வளவு தோண்டினாலும் உப்புத்தண்ணீர்தான். குழாய் போட்டார்கள், குழாயில் காற்று வந்தது. தண்ணி லாரி தனக்குத் தோன்றுகிறபோது வந்தது. வந்த அன்று குடங்கள் நசுங்கின, கொண்டைகள் அவிழ்ந்தன, ஒரே சுவரைப் பகிர்ந்து குடியிருந்தவர்கள் அதற்கப்புறம் வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வெளியூர்க்காரர்கள் பெண் கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷனுக்குக் கீழே தண்ணீர் ஊறினால் அது எப்படி ஊறுகிறது என்று யார் கேட்பார்கள்? கேட்க வேண்டிய வாய்களெல்லாம் குடத்தோடு வரிசையில் நின்றன.

கேட்டது வேலுக்கனி மட்டும்தான். தவசிமுத்துவின் அக்கா. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கோழிக்கடை வைத்திருந்தாள். புருஷன் இறந்த பிறகு அவன் பிடித்த கத்தியை அவள் பிடித்தாள், அன்றிலிருந்து அந்தக் கத்திக்கும் அவள் வாய்க்கும் ஊரே பயந்தது. கடையை அடைத்துவிட்டு இறகு ஒட்டிய கையோடு வந்தவள், குடங்களுக்கு நடுவே தம்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கிரேஸ்மேரி அவனிடம், "தம்பி, கால இங்கிட்டு நகத்திக்கோ, கோர முடியல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் காலை நகர்த்தினான்.

"என்ன நடக்கு இங்க?" என்றாள் வேலுக்கனி.

"உன் தம்பிக்கு அருள் வந்திருக்கு, வேலுக்கனி. ஊருக்கே கண்ணத் திறந்துட்டான்."

"அவன் கண்ண மூடி எத்தன நாளாச்சு தெரியுமா ஒனக்கு? சோறு இறங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

"அருள் வந்தா அப்படித்தான் இருக்கும்," என்றாள் கிரேஸ்மேரி, குடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அருள் இல்லை என்று வேலுக்கனிக்குத் தெரியும். அவன் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் இது முதல்முறை வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான், என்னடா செய்கிறது என்று கேட்டால், நெஞ்சுக்குள் யாரோ ஈரமண்ணைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். அம்மா கோயில் கோயிலாக இழுத்துப் போய்க் கயிறு கட்டினாள், ஒருநாள் தானாகப் போனது, கயிற்றால் போனது என்றார்கள். போனபிறகு அவனைப் போல ஒருத்தன் அந்தக் கடற்கரையில் இல்லை. பனையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு மேலேயே உட்கார்ந்துகொண்டு கீழே போகிற கிழவிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்க வைப்பான். கோயில் கொடை விழாவென்றாலும் மாதா தேர் என்றாலும் தவசிமுத்துவின் மைக்செட்தான், தவசிமுத்துவின் குரல்தான். சில வருஷம் கழித்து அது மறுபடி வந்தது, மறுபடி போனது. அந்த இரண்டு தடவையும் தண்ணீர் ஊறவில்லை, அதனால் ஊருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. இந்தத் தடவை ஊறியது.

ஊர் தண்ணீருக்குப் பழகியது, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டால் வீடு பழகிக்கொள்வதுபோல. வரிசைக்கு ஒரு முறை வைத்தார்கள்: மேலத்தெரு காலையில், கீழத்தெரு மதியத்துக்கு மேல், பிள்ளை பெற்ற வீடு எப்போது வேண்டுமானாலும். அவன் தலைக்கு மேல் ஓலைப்பந்தல் போட்டார்கள், அவன் மேல் உள்ள இரக்கத்தால் அல்ல, தண்ணீர் வெயிலில் சுடக்கூடாது என்று. பருப்பு வெந்தது. டீக்கடையில் டீ டீயாக இருந்தது. பெண்களுக்கு முடி கொட்டுவது நின்றது. வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்தார்கள், குடித்துப் பார்த்தவர்கள் பெண் கொடுத்தார்கள். அப்படி வந்த மருமகள்களைத் தவசிமுத்துவின் முன்னால் கூட்டிவந்து கும்பிட வைத்தார்கள். அம்மன் கோயில்காரர்கள் அவன் நெற்றியில் திருநீறு பூசினார்கள், சர்ச்சுக்காரர்கள் அவன் கழுத்தில் ஜெபமாலை போட்டார்கள், இரண்டையும் அவன் தடுக்கவில்லை, இரண்டையும் அவன் கவனிக்கவும் இல்லை. எத்தனையோ பேர் அவன் முன்னால் குனிந்தார்கள். அவன் முகத்தைப் பார்க்கக் குனிந்தவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் அவன் எழுந்தான். எழுந்து வேலுக்கனியின் கடைக்கு நடந்து வந்தான், சிரித்துக்கொண்டு வந்தான், வாயில் பிராந்தி வாடை அடித்தது. வேலுக்கனி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் கன்னத்தில் அறைந்தாள். அந்தக் குடும்பத்தில் யாரும் குடித்ததில்லை.

"அடிக்காத அக்கா," என்றான் அவன், கோபமே இல்லாமல். "குடிச்சா எந்திரிக்க முடியுது. நேத்து நைட்டு தூங்கினேன் அக்கா. எம்புட்டு நாளாச்சு தெரியுமா தூங்கி."

அவளுக்கு அறைந்த கை அப்படியே நின்றது. ஏனென்றால் அது உண்மை. அவன் அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டில் போய் ஸ்பீக்கர் கட்டினான், சாப்பிட்டான், சின்னப் பிள்ளைகளைத் தோளில் தூக்கினான். அவன் நடந்த இடத்திலெல்லாம் மண் காய்ந்து கிடந்தது. பந்தலடியில் குடங்கள் காத்திருந்தன, பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பஞ்சாயத்துத் தலைவர் சௌந்திரபாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் போதை இறங்கியபோது, ஏறியிருந்த உயரத்திலிருந்து விழுகிறவன் மாதிரி தவசிமுத்து அந்த உடைமரத்தடியில் வந்து விழுந்தான், முன்னைவிடக் கீழே, முன்னைவிட இருட்டில். தண்ணீர் கரண்டைக்கால் வரைக்கும் வந்தது. இன்னொரு தடவை குடித்தான், இன்னும் கீழே விழுந்தான், தண்ணீர் கெண்டைக்கால் வரைக்கும் ஏறியது.

குடிக்கிற நாளில் தண்ணீர் இல்லை, குடித்த மறுநாள் இரண்டு மடங்கு. வேலுக்கனி இதைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் ஊர் புரிந்துகொண்டுவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை உவர்க்குடிக்காரர்கள் இன்றைக்கும் வேறு மாதிரிதான் சொல்வார்கள். அவன் கேட்டான், கொடுத்தோம் என்பார்கள். ஆனால் அவன் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது. வீட்டுமுறை வைத்து, இன்றைக்கு இந்த வீடு நாளைக்கு அந்த வீடு என்று, கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாட்டில் பந்தலடிக்கு வந்தது. குடும்பத்தில் புருஷன் குடித்தால் விளக்குமாற்றைத் தூக்குகிற பெண்கள், பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து அவன் கையில் திறந்தே கொடுத்தார்கள், அவன் கை நடுங்கி மூடியைத் திறக்க முடியாமல் போயிருந்தது. தொட்டுக்கொள்ள மீன் வறுத்து வைத்தார்கள். மீனை அவன் தொடுவதில்லை, காக்கா தின்றது.

வேலுக்கனி பாட்டில்களைப் பிடுங்கி உடைத்தாள். உடைந்த கண்ணாடியைக் கூட்டிவிட்டு வேறு பாட்டில் வைத்தார்கள். அவனை வீட்டுக்கு இழுத்துப் போய்க் கதவைப் பூட்டினாள். அவன் உடம்பு கிடுகிடுவென்று ஆடி, வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, வாய் கோணிக்கொண்டு விழுந்தபோது பயந்துபோய் அவளே கதவைத் திறந்தாள். வாசலில் சௌந்திரபாண்டி நின்றிருந்தார், கையில் பாட்டிலோடு.

"ஏம்மா வேலுக்கனி, அவனக் கொல்லப் பாக்கியா? கேக்குறவனுக்கு இல்லன்னு சொல்லலாமா?"

"நீங்க கொல்லுதீங்க. நான் காப்பாத்தப் பாக்கேன்."

"ஊர்ல இத்தன பிள்ளைங்க நல்ல தண்ணி குடிக்குது. ஒன் வீட்டுப் பானையிலயும் அந்தத் தண்ணிதான கிடக்கு?"

அவள் உள்ளே போய்ப் பானையைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டு உடைத்தாள். அன்றிலிருந்து உப்புத்தண்ணீர்தான் குடித்தாள். ஆனால் தம்பி அந்தப் பாட்டிலைக் குடித்தான், குடித்ததும் நடுக்கம் நின்றது, அதையும் அவள் கண்ணால் பார்த்தாள்.

டவுனுக்குக் கூட்டிப் போனாள். பஸ்ஸில் அவன் உட்கார்ந்த சீட்டுக்கு அடியில் தண்ணீர் சேர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள், கண்டக்டர் அலுத்துக்கொண்டே வந்து தண்ணீர் வெளியே போகப் படிக்கட்டுக் கதவைத் திறந்துவைத்தான். முதலில் போனது குடியை நிறுத்த வைக்கும் ஒரு தனியார் இல்லம். அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தவசிமுத்துவிடம் சில கேள்விகள் கேட்டார், அவன் வாழ்ந்து என்னத்துக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான், தரையில் தண்ணீர் பரவியது.

"குடி மட்டும்னா சேத்துக்குவோம்மா. இவரு மனசு சரியில்லாதவரு மாதிரி இருக்காரு. வாழ்ந்து என்னத்துக்குங்கறாரு. அப்படிப்பட்டவங்கள நாங்க வைக்கிறதில்ல. மொதல்ல மனநல டாக்டர்ட்டக் காட்டி அத சரி பண்ணிட்டு வாங்க."

மனநல டாக்டரிடம் காட்டினாள். பெரிய கட்டடம், நீளமான நடை, நடையில் அவர்கள் காத்திருந்தபோது ஊறிய தண்ணீரைத் துடைக்க வந்த ஆயா திட்டிக்கொண்டே துடைத்தாள். டாக்டர் தவசிமுத்துவின் அருகில் குனிந்தார், வாடை அடித்ததும் நிமிர்ந்துவிட்டார்.

"குடிச்சிருக்காரு. குடிக்கிற வரைக்கும் எது நோய், எது குடின்னு பிரிச்சுப் பாக்க முடியாதும்மா. மாத்திரையும் குடுக்க முடியாது. மொதல்ல குடிய நிறுத்திட்டுக் கூட்டிட்டு வாங்க."

"அங்க போனா இங்க வரச் சொல்லுதான். இங்க வந்தா அங்க போகச் சொல்லுதீங்க."

"நடைமுறை அப்படித்தாம்மா."

"அவன் ஒரே ஆளு சார்," என்றாள் வேலுக்கனி. "கோழின்னா வெட்டி, கால் தனியா நெஞ்சு தனியா பிரிச்சு, இந்தப் பாதி உங்களுக்கு அந்தப் பாதி அவங்களுக்குன்னு பார்சல் கட்டிக் குடுத்துருவேன். தம்பிய நான் எப்படிப் பிரிச்சுக் கொண்டாறது? சொல்லுங்க. எங்க வெட்டணும்?"

டாக்டர் மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்தான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் தவசிமுத்து அவள் தோளில் சாய்ந்துகொண்டு, "விடு அக்கா, ஊருக்காவது ஆகட்டும்," என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுதால் தம்பியைப் போலத் தானும் ஊருக்குத் தண்ணீர் விடுகிறவள் ஆகிவிடுவோம் என்று தோன்றி, அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கோபம் அவளுக்குள் அதற்கப்புறம் ஒருநாளும் ஆறவில்லை.

கோழி வாங்க அவள் பண்ணைக்குப் போயிருந்த ஒரு நாளில் ஊர் கூடி முடிவெடுத்தது. தண்ணீர் மண்ணில் பரவி வீணாகிறது, ஆகவே கிணறு கட்ட வேண்டும். சிமெண்டு உறைகள் டிராக்டரில் வந்தன. தவசிமுத்துவை நடுவில் வைத்து, ஓர் உறையை மண்மேல் இறக்கி, அதன்மேல் இன்னொன்றை வைத்து, பூச்சு பூசி, மோட்டார் மாட்டி, மோட்டாரிலிருந்து மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் குழாய் இழுத்தார்கள். உறையின் விளிம்பில் செவ்வந்தி மாலை சுற்றினார்கள். திறப்பு விழாவுக்கு மைக்செட் வேண்டுமே என்று அவன் கொட்டகைப் பூட்டை உடைத்து அவனுடைய ஸ்பீக்கர்களையே எடுத்துக் கட்டினார்கள். கட்டத் தெரியாமல் கட்டியதால் அது கீச்சிட்டது, கிணற்றுக்குள்ளிருந்து தவசிமுத்து, "எர்த்து வயரப் பாருங்க," என்று சொன்னானாம். அதுதான் அந்தக் கிணற்றிலிருந்து அவன் ஊரிடம் சொன்ன கடைசி வார்த்தை என்று பிறகு பெருமையாகச் சொன்னார்கள்.

வேலுக்கனி பண்ணை வண்டியில் வந்து இறங்கியபோது சௌந்திரபாண்டி மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். பாட்டுச் சத்தத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவே அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் உறையின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். தம்பி அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மார்புக்கு மேல் தண்ணீர். பக்கத்தில் காலிப் பாட்டில் ஒன்று மிதந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அவன் கழுத்துக்கு ஏறியது.

"ஏலே தவசி. எந்திரிலே."

"அக்கா," என்றான் அவன். "இங்க சத்தமே கேக்கல. நல்லாருக்கு."

தண்ணீர் தாடையைத் தொட்டது. அவன் முகத்தைத் தூக்கவில்லை.

அவள் திரும்பினாள். "கயிறு கொண்டாங்க."

யாரும் அசையவில்லை.

"அவன் முங்கிருவான். கயிறு கொண்டாங்க."

"மூச்சு முட்டுனா எந்திரிப்பாம்மா," என்றார் சௌந்திரபாண்டி மைக்கிலேயே. அது பனை உயரத்துக்கு எதிரொலித்தது. "கடக்கரையில பொறந்தவன், நீச்சல் தெரியாதா?"

"எந்திரிக்க முடியாதவனுக்கு நீச்சல் தெரிஞ்சு என்ன செய்ய?" என்றாள் வேலுக்கனி.

கொத்தனார்கள் வேலை முடித்துப் போட்டுவிட்டுப் போன சம்மட்டி மணல் குவியலில் கிடந்தது. அதை எடுத்தாள். கோழி வெட்டி வெட்டி இறுகிய கை அவளுக்கு. முதல் அடியில் செவ்வந்தி மாலை அறுந்து விழுந்தது. அடுத்த அடியில் ஈரம் காயாத பூச்சு உதிர்ந்தது. அப்புறம் ஒவ்வொரு அடிக்கும் ஒருவரை நினைத்துக்கொண்டு அடித்தாள்: பிரித்துக் கொண்டுவா என்றவர்களை, பாட்டிலைத் திறந்து கொடுத்தவர்களை, கும்பிட்டவர்களை, மீன் வறுத்து வைத்தவர்களை, கன்னத்தில் அறைந்த தன்னையும். உறை வெடித்தது. தண்ணீர் அவளை இடுப்போடு தள்ளிக்கொண்டு தெருவுக்குப் பாய்ந்தது, ஸ்பீக்கர் பெட்டிகளையும் நாற்காலிகளையும் உருட்டிக்கொண்டு ஓடியது. ஐயோ என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. கத்திவிட்டு ஓடிப்போய்க் குடங்களை எடுத்துவந்தது. உடைந்து ஓடிய தண்ணீரையும் பிடித்தார்கள். அவள் ஓட்டைக்குள் நுழைந்து தம்பியின் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் கிரேஸ்மேரி குடத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கோழி ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் டிரைவர் சிக்கந்தர்தான் ஓடிவந்து இன்னொரு பக்கம் பிடித்தான். கூண்டுகளை இறக்கிப் போட்டுவிட்டு, கோழிகள் தெருவில் சிதறி ஓட, தவசிமுத்துவைப் பின்னால் படுக்க வைத்தார்கள்.

"எங்கக்கா போகணும்?" என்றான் சிக்கந்தர்.

"தெரியல. இந்த ஊர விட்டுப் போ."

போகிற வழியில் சிக்கந்தர் தன் மாமன் மகனைப் பற்றிச் சொன்னான். அவனுக்கும் இப்படி இருந்தது, தண்ணீர் இல்லை, ஆனால் மற்றதெல்லாம் இருந்தது. ஓர் ஊரில் சின்ன அரசு ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். அங்கே போனார்கள். அந்த டாக்டர் மேஜையிலேயே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கண்ணுக்குக் கீழே கறுத்து, தூங்கி வெகுநாளானவர் மாதிரி இருந்தார். தவசிமுத்துவைச் சுற்றித் தண்ணீர் பரவுவதைப் பார்த்து, நர்ஸிடம் ஒரு வாளி கொண்டுவரச் சொன்னார், அதைத் தவிர அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து அவன் எதிரே, அவன் கண்ணுக்கு நேராகக் கண் வருகிற மாதிரி, சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"குடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த மாதிரி இருந்திருக்கா, தவசிமுத்து?"

இதை யாரும் அதுவரை கேட்டதில்லை. வேலுக்கனி வாயைத் திறந்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார். மரத்தடியிலிருந்து எழுந்து வருகிறவன் மாதிரி அவன் குரல் மெதுவாக வந்தது.

"பள்ளிக்கூடம் முடிச்ச வருஷம். நெஞ்சுக்குள்ள மண்ணக் கொட்டுற மாதிரி."

"குடிச்சா?"

"கொட்டுறது நிக்கும். அப்புறம் லாரி லாரியாக் கொட்டும்."

டாக்டர் தலையாட்டினார். வேலுக்கனியிடம் திரும்பி, "இவருக்கு ரெண்டு நோய் இருக்கும்மா," என்றார். "மனச்சோர்வு ஒண்ணு. குடிநோய் ஒண்ணு. முதல் நோய்க்கு இவரே கண்டுபிடிச்ச மருந்து குடி. அந்த மருந்து ரெண்டாவது நோயாகி முதல் நோய வளக்குது. ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைப் பாத்தா விட்டது வந்து பாத்ததையும் கெடுத்துரும். ரெண்டையும் சேத்து, ஒரே இடத்துல, ஒரே நேரத்துல பாக்கணும். வீட்ல திடீர்னு நிறுத்துனீங்களா?"

"பூட்டி வச்சேன்."

"வலிப்பு வந்திருக்குமே. அதுல உயிரே போயிருக்கலாம். இங்க இருந்துதான் நிறுத்தணும், மருந்து குடுத்து, பக்கத்துல இருந்து. சாகணும்னு தோணுதாங்கறதையும் நான் இவர்ட்ட தினமும் கேப்பேன். கேட்டா தோணிரும்னு நெனைக்காதீங்க. நீங்களும் கேக்கலாம்."

"இத ஏன் ஒருத்தரும் சொல்லல?" என்றாள் வேலுக்கனி. கேட்கும்போதே அவள் குரல் உயர்ந்தது, நடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஊரு சொல்லல, சரி. அதுக்குத் தண்ணி வேணும். படிச்சவங்க ஏன் சொல்லல? எத்தன நடை நடந்தேன்."

"சொல்லியிருக்கணும்," என்றார் டாக்டர். மன்னிப்பும் கேட்கவில்லை, யாருக்காகவும் வாதாடவும் இல்லை. தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். "இப்ப படுக்க வைங்க."

அவள் சம்மட்டியைத் தூக்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். இத்தனை நாள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கோபத்தோடு சேர்ந்து வந்தது. நர்ஸ் அவளுக்கும் ஒரு வாளி கொண்டுவரலாமா என்று யோசிக்கிறவள் மாதிரி பார்த்தாள்.

ஒரே சீராக அவன் தேறவில்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டியது, ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு கொடுத்தார்கள். கட்டிலுக்கு அடியில் வைத்த வாளி சில நாள் நிரம்பியது, சில நாள் பாதி நிரம்பியது, ஒரு காலையில் அடி மட்டும் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சிக்கந்தர் ஊரில் ஒரு சின்ன வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தபோது ஒருநாள் அவன் போய்க் குடித்துவிட்டு வந்தான். வேலுக்கனி கையை ஓங்கினாள், ஓங்கிய கையை இறக்கி அவன் சட்டையைப் பிடித்து அதே டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் அதிர்ச்சி அடையவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. "வருவீங்கன்னு தெரியும், உக்காருங்க," என்றார். அங்கேயே அந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். மறுபடி தொடங்கினார்கள்.

உவர்க்குடியில் உடைந்த உறை அப்படியே கிடந்தது. ஊற்று நின்றுபோனது, மண் மறுபடி வெளுத்தது, பருப்பு வேகவில்லை. தண்ணீர் குடித்துப் பெண் கொடுத்த சம்பந்திகள் குறை பேசினார்கள். சாபம் என்றார்கள், யார் விட்ட சாபம் என்றால் வேலுக்கனி பேரைச் சொன்னார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் குழாயில் ஏன் காற்று வருகிறது என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அவளைத் தேடி வரத் தோன்றியது. சௌந்திரபாண்டியும் ஊர்ப் பெரியவர்களும் வந்தார்கள், கிரேஸ்மேரியும் வந்திருந்தாள். வேலுக்கனி அங்கேயும் கோழிக்கடை போட்டிருந்தாள்.

"ஏம்மா, தம்பி சொகமாகட்டும், வேண்டாங்கல," என்றார் சௌந்திரபாண்டி. "வாரத்துக்கு ஒருநா மட்டும். ஒரு சின்ன பாட்டில் போதும். டாக்டரம்மாவக்கூட வேணும்னா பக்கத்துல வச்சுக்கிடுவோம்."

வேலுக்கனி ஒரு கோழியின் காலைப் பிடித்துக்கொண்டு, கத்தி பிடித்த மற்றக் கையை நீட்டி, அவர்கள் வந்த பாதையைக் காட்டினாள். அவர்கள் கத்தியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனார்கள். கிரேஸ்மேரி மட்டும் நின்றாள். "என் பேத்திக்கு வயித்தால போகுது, வேலுக்கனி. உப்புத்தண்ணி ஒத்துக்கல," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. வேலுக்கனிக்கு அது தெரிந்தது, தெரிந்ததால் கோபம் இன்னும் கூடியது.

"ஒன் பேத்திக்கு என் தம்பியா கிணறு?" என்றாள்.

மைக்செட்டுகளை எடுத்து வர வேண்டும் என்று ஒருநாள் தவசிமுத்துவே சொன்னான். ஒரு மத்தியானம் சிக்கந்தர் வண்டியில் மூன்று பேரும் உவர்க்குடிக்குப் போனார்கள். துருப்பிடித்த ஸ்பீக்கர்களை வண்டியில் ஏற்றிவிட்டு, வேர்த்துப்போய், டீக்கடை வாசலில் கிடந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். கதவுகள் திறந்தன. ஒவ்வொருவராக வந்து சற்றுத் தள்ளி நின்றார்கள். அவன் மெலிந்திருந்ததை, தலை நரைத்திருந்ததை, முகத்தில் பழைய தவசிமுத்துவின் சாயல் கொஞ்சம் வந்திருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் நாற்காலிக்கு அடியில் இருந்த மண்ணைப் பார்த்தார்கள். மண் காய்ந்து கிடந்தது. புது மருமகள் ஒருத்தி, யாரோ சொல்லிக் கொடுத்தபடி, தலையைக் குனிந்துகொண்டு வந்து அவன் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வேலுக்கனி வண்டியிலிருந்து இறங்கினாள். சிக்கந்தர் அவள் கையைப் பிடித்தான்.

தெருமுனையில் தண்ணி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை, எல்லோரும் நாற்காலியடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தவசிமுத்து குடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முழங்காலில் கையூன்றி, அந்தப் பழைய பாரத்தை இன்னும் கொஞ்சம் சுமக்கிறவன் மாதிரி மெதுவாக, யாரும் தூக்காமல், எதுவும் குடிக்காமல் எழுந்து, குடத்தை எடுத்துக்கொண்டு லாரியை நோக்கி நடந்தான். ஊர் பின்னால் வந்தது. அவன் லாரிக் குழாயடியில் நின்றான், அவனைச் சுற்றி வரிசை கூடியது, அத்தனை தலைகளும் அவன் நிற்கிற மண்ணை நோக்கிக் கவிழ்ந்திருந்தன.

"நான் மேல இருக்கேன்," என்றான் தவசிமுத்து. கத்தவில்லை; ஆனால் பனை உச்சியிலிருந்து ஊரையே கூப்பிட்ட குரல் அது, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. "பாக்கணும்னா நிமிந்து பாருங்க."

குனிந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். முதலில் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தவன் தண்ணி லாரி டிரைவர். அவன் வெளியூர்க்காரன்.